அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி

அப்பாவுக்குக் கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வலது கைக் கட்டைவிரல். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. முதலில் கால் தடுக்கியது. அப்புறம் டம்ளர் கையிலிருந்து நழுவியது. அப்புறம் நாக்கு குழறியது. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மா ஒருநாள் வாசலில் வைத்தே அவரைத் திட்டித் தீர்த்தாள். பாவம், வாழ்நாளில் அதைத் தொடாத மனுஷன். கோட்டயத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினோம். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும், மருந்து கிடையாது, ஆனால் புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார் டாக்டர். அந்தக் கடைசி விஷயத்தை என்னவோ ஆறுதல் மாதிரி சொன்னார். எனக்கு அவர் மேஜையைக் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது.

சூரியநெல்லியில் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அப்பா பொன்ராஜ், தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். அம்மா சின்னத்தாய், இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறாள். நான் ஆனந்தி, ஒரே பிள்ளை. மூணாறில் கம்ப்யூட்டர் படித்தேன். படித்த படிப்புக்குச் சின்னக்கானல் ரிசார்ட் ஒன்றில் வேலை கிடைத்தது. வருகிறவர்களின் ஆதார் கார்டை ஸ்கேன் எடுத்துவிட்டு, 'வெல்கம் சார்' என்று சிரிக்க வேண்டும். ஒருநாள் முழுக்கச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் யாரைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வரும்.

அப்பா வாயாடி. டிராக்டர் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதே 'தாயீ' என்று ஒரு குரல் கொடுப்பார், மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் கேட்கும். அம்மா பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அந்த மனுஷன் வாயடைத்துப்போய்க் கட்டிலில் கிடந்தபோது, வீட்டுக்குள் மிக்ஸி ஓடுவதும் மழை பெய்வதும் தவிர வேறு சத்தமே இல்லை. கண்ணிமையை அழுத்தி மூடினால் 'ஆமாம்', பக்கவாட்டில் பார்த்தால் 'இல்லை'. இரண்டே வார்த்தை. அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை நாள் குடும்பம் நடத்துவது?

வீட்டுக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் டின்சி சிஸ்டர் ஓர் எழுத்து அட்டை கொண்டுவந்து கொடுத்தார். நாம் எழுத்தைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூடுவார். அட்டையில் ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் இங்கிலீஷ். நான் தமிழில் ஓர் அட்டை எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா மூன்றாவது எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்தை மறந்துவிடுவாள். அவர் கண்ணை மூடியது பதிலுக்கா, தூக்கத்துக்கா என்று தெரியாமல் தவிப்பாள். கடைசியில் இருவருமே களைத்துப்போய் அட்டை கட்டிலுக்கடியில் போய்விட்டது.

போனில் இதற்கென்று ஆப் இருக்கிறது. அதையும் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் விரல் நடுக்கத்தில் ஒரு தொடுகை நாலாக விழுந்தது. 'தண்ணி' என்று எழுத ஆரம்பித்தவருக்கு நடுவில் விளம்பரம் வந்து, லோன் வேண்டுமா என்று கேட்டது. அப்பா கண்ணைப் பக்கவாட்டில் திருப்பி 'இல்லை' என்றார். அம்மாவும் நானும் சிரித்துவிட்டோம். அப்புறம் அம்மா அடுப்படிக்குப் போய் அழுதாள்.

ரிசார்ட்டில் ஒரு பழைய லேப்டாப்பைக் குப்பைக்குப் போட வைத்திருந்தார்கள். பாட்டரி போயேபோய்விட்டது. பிளக்கில் இருந்தால்தான் ஓடும். படம், ஜன்னல், மவுஸ் என்று எதையாவது திறந்தால் மூச்சுவாங்கி நின்றுவிடும். நான் அதையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் வரும்படி வைத்தேன். டெர்மினல் என்று சொல்வது இதைத்தான். காலேஜில் எங்களுக்கு அது ஒரு பீரியட் கொட்டாவி. இப்போது அதுதான் கைகொடுத்தது. பைத்தானில் நாலு வரி எழுதினால் அந்தத் திரை நான் சொன்னபடி ஆடும். இந்த வரிக்குப் போ, இந்தக் கட்டத்தில் நில், இந்த எழுத்தை வெள்ளைமேல் கறுப்பாகக் காட்டு, கொஞ்சம் பொறு, பழையபடி ஆக்கு, அடுத்ததற்குப் போ. ரிசார்ட் மேனேஜரைவிட எவ்வளவோ மேல். ஒரு தடவை சொன்னால் புரிந்துகொள்ளும்.

திரையில் எழுத்துகளை வரிசை வரிசையாக அடுக்கினேன். வெளிச்சம் முதலில் ஒவ்வொரு வரியாக இறங்கும். வேண்டிய வரி வந்ததும் அப்பா கட்டைவிரலால் ஸ்பேஸ் பாரை அழுத்துவார். பிறகு அந்த வரிக்குள் எழுத்தெழுத்தாக நகரும். மறுபடி அழுத்தினால் அந்த எழுத்து மேலே போய் உட்காரும், 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். விரல் நடுங்கி நாலு தடவை விழுந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதினேன்.

எழுதினேன் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அது என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். ஸ்க்ரிப்ட் பாதியில் செத்தால் டெர்மினல் பித்துப்பிடித்ததுபோல் ஆகிவிடும். நான் அடிப்பதெல்லாம் அதற்குள்ளே போகும், ஆனால் திரையில் ஓர் எழுத்துகூடக் காட்டாது. முதல் தடவை அப்படி ஆனபோது கீபோர்டை ஓங்கி ஓர் அடி அடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் இப்படித்தானே என்று அப்போது தோன்றியது. எல்லாம் உள்ளே போகிறது, எதுவும் வெளியே காட்டவில்லை. ஈரக் கண்ணை அவரிடமிருந்து மறைத்துக்கொண்டு, அடிப்பது திரையில் தெரியாமலே 'ரீசெட்' என்று அடித்தேன். திரை சரியாகிவிட்டது.

அந்த மொட்டைத் திரைக்குத் தமிழ் தெரியாது. அதனால் இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழை எழுத வேண்டியிருந்தது, வாட்ஸப்பில் எல்லோரும் எழுதுகிற மாதிரி. அப்பா ஐந்தாம் வகுப்புதான் என்றாலும் வண்டி ஓட்டியவர், இங்கிலீஷ் எழுத்து தெரியும். முதல் வாக்கியம் எழுதிய அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கத்தரீனாள் அத்தையும் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லோரும் திரையையே பார்த்தோம். எழுத்து ஒவ்வொன்றாக விழ விழ நான் யோசிக்காமல் சத்தமாக வாசித்தேன்.

"கத்தரீனா... வாய்... வலிக்கல... யா... கேளு."

கத்தரீனாள் அத்தை வாயைப் பிளந்தார். "ஏ பொன்ராசண்ணே! பேச்சு வந்ததும் மொத வேலையா என் வாயிலயா கை வைக்கீக?" என்று சொல்லிச் சிரித்தவர், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு லயம் முழுவதும் அதே பேச்சுதான்.

அதன்பின் வீட்டில் பேச்சு வந்துவிட்டது. மீசையை வெட்டிவிடு. டிவி சத்தத்தைக் குறை. ரசத்தில் புளி கூட. அந்த மேனேஜர் என்ன சொன்னான்? எல்லாம் என் வழியாக. அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். பஸ் போர்டு, கோவில் நோட்டீஸ் வாசிப்பாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குக் கோழி கிறுக்கியதுதான். அப்பா அவளிடம் 'சாப்பிட்டாயா' என்று கேட்பதைக்கூட நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்த அலுப்பில் நான் சுருக்கிச் சொல்வேன். அம்மா அதைக் கண்டுபிடித்துவிடுவாள்.

"இத்தன டிங்கு அடிச்சிருக்கு. நீ ரெண்டு வார்த்ததான சொல்லுத?" என்பாள். "அவரு ஒன்னப் பாத்துதாம்ட்டி பேசுதாரு. ஏங்கிட்ட எங்க பேசுதாரு?"

"ஆமா, நாங்க ரெண்டு பேரும் ரகசியம் பேசுறோம். போம்மா."

ஒருநாள் அப்பா எழுதினார். அம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான், சொல்லுங்கள், வாசிக்கிறேன் என்றேன். நீ வேண்டாம் என்று எழுதினார். அவளே படிக்க வேண்டும் என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. நான் ஒருத்தி ராவும் பகலும் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பொறுக்கி இவருக்குப் பேச்சு வாங்கிக் கொடுத்தால், எனக்குத் தெரியக் கூடாத பேச்சு என்ன வந்துவிட்டது? "அப்படி என்னப்பா ரகசியம்?" என்று கேட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அது 'ஆமாம்' இல்லை. போ என்று அர்த்தம்.

அடுப்படியில் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதிதில்கூட அவள் முகம் அப்படி ஆகியிருக்குமா தெரியாது.

"என்னவாம்?"

"என்கிட்ட சொல்லமாட்டாராம். நீதான் படிக்கணுமாம்."

"அப்பத் தமிழ்ல வர வையி."

"அதுல தமிழ் வராதும்மா. கட்டம் கட்டமாத்தான் வரும்."

"மூணாறுக்குப் பஸ் ஏறிப் போயி என்னத்தட்டி படிச்ச? நம்ம பாஷைய வர வைக்கத் தெரியாதாக்கும்?"

கோபத்தில்தான் ஆரம்பித்தேன். வராது என்றால் வரைந்துவிடுவது என்று முடிவுகட்டினேன். திரையில் ஒரு கட்டத்தை முழுக்க வெள்ளையாக்க முடியும். வெள்ளைக் கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் கோடு. கோட்டை வளைத்தால் எழுத்து. கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, கட்டம் கட்டமாக நிரப்பி ஒவ்வொரு தமிழ் எழுத்தாகப் போட்டேன். கொம்பு எங்கே நிற்க வேண்டும், சுழி எங்கே தொங்க வேண்டும், புள்ளி எவ்வளவு உயரத்தில் என்று ஒவ்வொன்றையும் அந்தத் திரைக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கீழே அப்பா பழையபடி இங்கிலீஷ் எழுத்தையே பொறுக்குவார், மேலே அது தமிழாக விழும். எழுத்து பெரிதாக இருந்தால்தான் அம்மாவுக்குத் தெரியும். பெரிதாக்கினால் மேலே ஒரே ஒரு வரிதான் கொள்ளும். அது நிறைந்ததும் முதல் எழுத்து இடப்பக்கமாக ஓடி மறையும், வலப்பக்கம் புதியது வரும். பஸ் ஸ்டாண்டில் ஓடும் போர்டு மாதிரி.

பரீட்சை வைத்தது அம்மா. தினமும் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கம்பளியைக்கூடக் கழற்றாமல் திரை முன்னால் உட்கார்ந்துகொள்வாள்.

"இது என்ன, ழவா? கால் ஒடிஞ்ச நாக்காலி மாதிரில்லா இருக்கு."

"நாக்காலின்னே படிச்சிக்கோ."

"ஏ, கோவப்படாத. அந்தக் காலக் கொஞ்சம் உள்ள இழு. ம், இப்ப ழ."

அப்பா கட்டிலில் கிடந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் அவர் வயிறு குலுங்கும். அது சிரிப்பு.

ஆனால் அந்தப் பக்கம் விரல் தளர்ந்துகொண்டே வந்தது. முன்பு வெளிச்சம் அரை நொடிக்கு ஓர் எழுத்தாக நகர்ந்தாலும் சட்டென்று பிடித்துவிடுவார். பிறகு நான் ஒரு நொடியாக்கினேன். பிறகு இரண்டு. வேண்டிய எழுத்து வரும், விரல் எழும்பும், விழுவதற்குள் வெளிச்சம் தாண்டிவிடும். மறுபடி முதலிலிருந்து சுற்றி வரவேண்டும். அவர் நெற்றியில் வேர்த்துவிடும். டின்சி சிஸ்டர் அவர் கையை எடுத்துப் பார்த்துவிட்டு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"வேகம் தீர்க்கணும் கேட்டோ, ஆனந்தி. விரலோட காரியம் இனி பறைய முடியாது."

சீக்கிரம் முடிக்க வேண்டும், விரல் இனி எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்கிறார். அந்த வாரம் ரிசார்ட்டுக்கு லீவு சொன்னேன். சீசனில் லீவா என்று மேனேஜர் கத்தினார். நானும் பதிலுக்குக் கத்திவிட்டு போனை வைத்தேன். சோறு தின்ன நேரமில்லாமல் உட்கார்ந்து மிச்ச எழுத்துகளைப் போட்டு முடித்தேன்.

முடித்துக் காட்டியபோது அப்பா ஒன்று கேட்டார். எழுதுவது மெஷினில் நிற்குமா? ஆமாம், எல்லாம் உள்ளே பதிவாகும் என்றேன். வேண்டாம், எடுத்துவிடு என்றார். பேசுகிற பேச்சு காற்றோடு போகிற மாதிரி இதுவும் போக வேண்டும் என்று எழுதினார். நான் முறைத்தேன். உன்மேல் சந்தேகம் இல்லை என்று எழுதினார். கொஞ்சம் கழித்து, ஆனாலும் எடுத்துவிடு என்று எழுதினார். அவர் கண் முன்னாலேயே ஸ்க்ரிப்டில் பதிவு செய்கிற அந்த வரியை அழித்தேன். அது அவர்கள் இருவர் பேச்சு. எனக்கு எரிச்சலாக இருந்தாலும் அதில் அவர் பக்கம்தான் நியாயம்.

மறுநாள் அம்மா மத்தியானத்தோடு மலையிலிருந்து இறங்கிவிட்டாள். குளித்தாள். தலை சீவிக்கொண்டாள். பீரோவிலிருந்து நீலப் புடவையை எடுத்துக் கட்டினாள். எதற்கும்மா இதெல்லாம் என்று கேட்க வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் கட்டைவிரலைத் தூக்கி ஸ்பேஸ் பார்மேல் தானே வைத்தாள்.

"நீ கத்தரீனா வீட்ல போயி இரு," என்றாள் என்னிடம். "கதவச் சாத்திட்டுப் போ."

லயத்து வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். கத்தரீனாள் அத்தையும் நானும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு டிங். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி நீண்ட நேரம் கழித்து இன்னொரு டிங். ஒவ்வொரு எழுத்துக்கும் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வருவதும், அந்த விரல் எழும்பாமல் எழும்புவதும் எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அத்தை ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். வாய் வலிக்காத அத்தை அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் ஒருதரம் அம்மாவின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று புரியவில்லை. பிறகு டிங் கொஞ்சம் நெருக்கமாக விழ ஆரம்பித்தது. எங்கிருந்து அந்த விரலுக்குத் தெம்பு வந்ததோ. சாயந்திரமாகி வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மழை என்று நினைத்தேன்.

துலா மாதத்து இடி, அதாவது ஐப்பசி இடி, எங்கள் ஊரில் விளையாட்டில்லை. கம்பி வழியாக வீட்டுக்குள் வரும். ஒரே இடியில் ஒரு லயத்து டிவி எல்லாம் கருகிப்போனது உண்டு. அதனால் முதல் முழக்கம் கேட்டதும் எங்கள் பெண்கள் செய்கிற முதல் காரியம் பிளக்கைப் பிடுங்குவதுதான். அடுப்பில் பால் பொங்கினாலும் அப்புறம்தான் பார்ப்பார்கள். யோசித்துச் செய்வதில்லை, கை தானே போகும். அன்றைக்கும் மேலே ஒரு வெளிச்சம் வெட்டி, கூரை அதிர ஒன்று விழுந்தது. கத்தரீனாள் அத்தை ஜெபமாலையோடு பாய்ந்து டிவி பிளக்கைப் பிடுங்கினார். நானும் எழுந்து மிக்ஸி பிளக்கைப் பிடுங்கினேன். பிளக் கையில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

மழையில் ஓடிக் கதவைத் தள்ளினேன். அம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் லேப்டாப் பிளக். திரை கறுப்பாக இருந்தது. அவள் முகமெல்லாம் ஈரம். அப்பாவின் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா! என்னம்மா பண்ணித் தொலைச்ச! அதுல பாட்டரி இல்லைன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"கத்தாதட்டி," என்றாள். குரல் நிதானமாக இருந்தது. "படிச்சிட்டேன். எல்லாம் படிச்சிட்டேன்."

பிளக்கைக் கீழே போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் போய்க் குனிந்தாள். அவர் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"படிச்சிட்டேங்க. சரிங்க. நீங்க சொன்னாப்லயே செய்யுதேன். ஒண்ணும் வெசனப்படாதீங்க."

அப்பா அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இரண்டு இமையையும் அழுத்தி மூடினார். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. அந்த இடத்தில் நிற்க எனக்கு உரிமை இல்லைபோல் இருந்தது. வெளியே வந்து கூரை இறவாணத்தின் ஓரத்தில் நின்று நனைந்தேன்.

அந்த இடியில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. கரண்ட் வந்து நான் லேப்டாப்பை மறுபடி போட்டபோது அப்பாவின் கட்டைவிரல் ஸ்பேஸ் பார்மேல் எழும்பாமல் கிடந்தது. அதைப் பார்க்க முடியாமல் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். "அம்மாட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சிட்டீங்களாப்பா?" என்று கேட்டேன். இமையை மூடினார். ஆமாம். என் எழுத்துகள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன என்று எனக்குக் கர்வமாக இருந்தது. வந்த டின்சி சிஸ்டரிடம், ரிசார்ட்டில் கூட வேலைபார்க்கிறவர்களிடம், எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அப்பா முகத்திலும் அதற்குப்பிறகு பழைய தவிப்பு இல்லை. மூச்சுவாங்கும்போதுகூட அமைதியாக இருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் ஒரு காலையில், அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

சங்கரன்கோவில் பக்கமிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். அழுதார்கள், சாப்பிட்டார்கள், எஸ்டேட் எவ்வளவு கொடுக்கும் என்று விசாரித்தார்கள். காரியத்தன்று அம்மாவை உட்காரவைத்துச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். வளையலைக் கழற்ற, ஊரிலிருந்து வந்த அத்தை ஒருத்தி கையைப் பிடித்தபோது அம்மா கையை இழுத்துக்கொண்டாள். பிறகு என்னவோ நினைத்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு ரகளைதான் ஆகியிருக்கும். மாமா, என்னைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, இங்கே தனியாக என்ன இருக்கிறது, ஊரோடு வந்துவிடு என்று அம்மாவை நெருக்கினார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எல்லோரையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மா லேப்டாப்பை ஈரத்துணியால் துடைத்து, பலகைமேல் வைத்து, பிளக்கும் சொருகி வைத்திருந்தாள்.

"ஏட்டி, இதுல கெடக்கும்லா?"

"எது?"

"அவரு அன்னைக்கு எழுதினது. எடுத்துக் குடு."

"அதான் நீ படிச்சிட்டியேம்மா."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். வளையல் இல்லாத கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"'தாயி, நான் போன பெறவு நீ'ன்னு வந்துச்சு. அது வரைக்கும் படிச்சேன். அந்தப் போன பெறவுங்கிறதப் படிச்சதும் கண்ணு நெறஞ்சிட்டு. தொடைக்கேன், நெறையுது. தொடைக்கேன், நெறையுது. எழுத்து பாட்டுக்கு ஓடுது. நான் அழுதத பாத்துட்டு அவரு இன்னும் வெரசா எழுதுதாரு. வெள்ள வெள்ளையா என்னமோ போகுது, ஒண்ணும் தெரியல. அதுக்குள்ள இடி விழுந்துட்டு. கை பிளக்குக்குப் போயிட்டு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"அப்ப ஏம்மா படிச்சேன்னு சொன்ன?"

"பின்ன? திரும்ப மொதல்ல இருந்து எழுதுங்கன்னு சொல்லவா? அந்த வெரல நீ பாத்தியா? ஒரு எழுத்துக்கு அவரு பட்ட பாட்டப் பாத்தியா? படிக்கலன்னு சொன்னா அந்த மனுசன் தாங்குவாராட்டி?"

உள்ளே ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். பதிவாகும் வரியை அழித்தவளே நான்தான். இருந்தும் அவள் முன்னால் உட்கார்ந்து தேடினேன். கோப்புகளைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அம்மா ஒவ்வொன்றையும் அதுவாக இருக்குமோ என்று பார்த்தாள்.

ஒரு நிமிஷம் அந்த எண்ணம் வந்தது. அந்தத் திரையில் எந்த எழுத்தை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் என்னால் வைக்க முடியும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். நான் போன பிறகு நீ அழக்கூடாது. நான் போன பிறகு நீ பூ வைத்துக்கொள். நான் போன பிறகு நீ ஆனந்தியோடு இரு. எதை ஓடவிட்டாலும் அவள் எழுத்துக்கூட்டிப் படித்து நிம்மதியாகிவிடுவாள். என் விரல் கீபோர்டுக்குப் போனது.

"நீயா எதையும் எழுதிராத," என்றாள் அம்மா.

கையை எடுத்துவிட்டேன்.

"இல்லம்மா," என்றேன். "ஒண்ணும் இல்ல. போயிருச்சு."

அம்மா தலையை ஆட்டினாள். எழுந்து பிளக்கைப் பிடுங்கப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"வளையலக் கழத்தும்போது, கழத்தாதன்னு சொல்லியிருப்பாரோன்னு இருந்துச்சு. ஒங்க மாமன் ஊருக்குக் கூப்பிடுதான். போன்னு சொன்னாரோ, போகாதன்னு சொன்னாரோ. ஒனக்கு ஒரு நல்லது செய்யச் சொல்லியிருந்தா? எதச் செஞ்சாலும் அவருக்குக் குடுத்த வாக்க மீறுத மாதிரியே இருக்கு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரின்னு சொல்லிட்டேனேட்டி," என்றாள். "எதுக்குன்னு தெரியலயே."